தாலியில் கார்பாலிக் வாடை

என் மாமியாருக்குக் கிருமி என்ற சொல் வாயில் வெற்றிலை மாதிரி. நாள் முழுக்க மென்றுகொண்டே இருப்பாள். பட்டணத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு. அவள் புருஷன், என் மாமனார், ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர். அவர் கொண்டுவரும் கார்பாலிக் மருந்தைத் தண்ணீரில் கலந்து கதவுத் தாழ்ப்பாள், குடைப் பிடி, பாசாரில் காய்கறி வாங்கி வந்த கூடை, ஒன்று விடாமல் துடைப்பாள். தபால்காரன் தரும் கடிதத்தை அடுப்புப் புகையில் காட்டிவிட்டுத்தான் பிரிப்பாள். சுத்தம் நல்லதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொம்பளையின் கணக்கில் கிருமி ஆள் பார்த்துத்தான் உட்காரும்.

என் அம்மா கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவள். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் காச நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நோய் தீர்ந்தது, இனி ஒன்றும் இல்லை, யாருக்கும் ஒட்டாது, வீட்டுக்குப் போ என்று டாக்டரே சொல்லி அனுப்பினார். பெண் பார்க்க வந்தபோதே அப்பா இதை ஒளிக்காமல் சொன்னார். மாப்பிள்ளைக்கு நான் இரண்டாந்தாரம். அதனால் அவர்கள் வாயை மூடிக்கொண்டு சம்மதித்தார்கள்.

அவர்கள் வீட்டு வாசலில்தான் பந்தல். தேங்காய்மேல் தாலியை வைத்து, தட்டோடு சபைக்கு அனுப்பினார்கள். பெரியவர்கள் எல்லோரும் தொட்டு வாழ்த்த வேண்டும். நாத்தனார் தட்டை ஏந்திக்கொண்டு போனாள். நான் மணையில் குனிந்த தலை நிமிராமல் ஓரக்கண்ணால் பார்த்தேன். வெற்றிலை எச்சில் துடைத்த விரல் பட்டது. மூக்கைச் சிந்தி வேட்டியில் தேய்த்த கை பட்டது. ஊர்ப்பட்ட கை எல்லாம் பட்டது. அம்மா முந்தானையில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"அங்க வேணாம்டி, இப்படிக் கொண்டா!" என்றாள் மாமியார்.

தட்டு திரும்பிவிட்டது. அம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. பக்கத்தில் அப்பா பந்தல் காலைப் பார்த்தார். தாலி கட்டப்போகிற மகராசன் மண்ணு மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் தலையை நிமிர்த்தினேன்.

"எங்கம்மா தொடாத தாலிக்கு நான் கழுத்த நீட்ட மாட்டேன்."

கல்யாணப் பெண் வாய் திறந்தால் அந்தக் காலத்தில் அது பேய் பிடித்த கதைதான். "ஆத்தாடி, வாயப் பாரு!" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அம்மா, "வேணாம்டி, விட்ருடி" என்று கெஞ்சினாள். நான் மசியவில்லை.

மாமியார் சிரித்தாள். "தொடட்டுமே. யாரு வேணாம்னா?"

தட்டு அம்மாவிடம் போனது. அவள் தாலியை ஒற்றை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், போ. தட்டு திரும்பி வந்ததும் மாமியார் மகளை உள்ளே அனுப்பி ஒரு கிண்ணம் கொண்டுவரச் சொன்னாள். அத்தனை பேர் முன்னாலும், என் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தாலியை அந்தக் கார்பாலிக் தண்ணீரில் முக்கி எடுத்தாள். கயிற்று மஞ்சள் கரைந்து கிண்ணத்தில் இறங்கியது. ஐயர், "முகூர்த்தம் போகுது" என்று அவசரப்படுத்தினார். வெளுத்த கயிறு ஈரத்தோடு என் கழுத்தில் ஏறியது. தண்ணீர் ரவிக்கைக்குள் வழிந்தது. கெட்டிமேளத்துக்கு நடுவில் என்மேல் ஆஸ்பத்திரி வார்டு வாடை அடித்தது.

அம்மா தன் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தியில் மட்டும் அவளுக்குத் தடையில்லை. சாப்பிட்ட இலை குப்பைக்குப் போகிறதுதானே!

மறு வருஷம் எனக்குப் பெண் பிறந்தது. செய்தி கேட்டு அம்மா கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தாள். நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். நிலையைக்கூடப் பிடிக்கவில்லை.

"வாம்மா, பேத்திய வாங்கு" என்று பிள்ளையை நீட்டினேன்.

அவள் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம்டி. புள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"

"டாக்டர்தான் ஒண்ணும் இல்லேன்னாரே! ஒனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். என் சத்தத்தில் குழந்தை வீறிட்டது. அம்மாவுக்கு அழுகை பொங்கியது. கண்ணைத் துடைக்கக்கூட அந்தக் கை முன்னால் வரவில்லை.

சத்தம் கேட்டு மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அம்மா நின்ற நிலையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"பரவாயில்லையே! சொல்லாமலே தெரிஞ்சுக்கிட்டாங்களே ஒங்கம்மா" என்று மனசாரப் பாராட்டினாள்.