கல்லில் ஒட்டிய கிருமியும் என் கேன் தண்ணீரும்

கல்லூரி ஆய்வுக்காக மகள் ஒரு பாட்டிலில் எங்கள் ஆம்பூர் வீட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றி, கூழாங்கற்கள் மேல் பாக்டீரியா வளர்த்துவந்தாள். இன்று அதை மேடத்திடம் காட்ட வேண்டும்.

காலையில் நான் பார்த்தேன். நாமே வாயில் வைக்காத உப்புத் தண்ணீர்! பாவமாக இருந்தது. கொட்டிவிட்டுக் கேன் தண்ணீர் ஊற்றினேன்.

"இன்னாப்பா பண்ணி வச்சிருக்க! உப்பு ஜாஸ்தி இருந்தாதான் கிருமி கல்லுல ஒட்டும். கம்மியானா விட்டுடும்!"

அழுதுவிடுவாள் போலிருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் போன் செய்தாள். "மைக்ராஸ்கோப்ல பார்த்தோம்பா. கல்லுல இருந்ததுல பாதி தண்ணிக்கு வந்துடுச்சு. மேடம் இதையும் ஆய்வுல எழுதச் சொல்லிட்டாங்க!"

"அப்போ நன்றி சொல்ற எடத்துல என் பேரு?"

"கேன் போடுற அண்ணன் பேரைப் போடுறேன்."

நீங்களே சொல்லுங்கள், ஊற்றியது யார்?