குளிர்ச்சி ஆகாது என்றேன்

2006-ஆம் வருடம், ஐப்பசி அடைமழை. அப்போது லாஸ்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை. எங்கள் மகளுக்கு ஒரு வயது முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அன்று காலை அவள் மூச்சு விடும்போதெல்லாம் விசில் மாதிரி சத்தம் வந்தது. விலாவில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. மனைவியையும் குழந்தையையும் ஸ்கூட்டரில் ஏற்றி, ரெயின்கோட்டைப் போர்த்திவிட்டு, ஆஸ்பத்திரிக்கு விரைந்தேன்.

மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு தணிந்து, அம்மா தோளிலேயே தூங்கிப்போனாள். பிறகு டாக்டரம்மா ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"மாசமா இருந்தப்ப நல்லா சாப்ட்டியாம்மா?" என்று என் மனைவியைக் கேட்டார்.

அவள் வாய் திறக்குமுன் நான் பதில் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். "குளிர்ச்சியா எதையும் தொட விடல டாக்டர். ஆரஞ்சு, சாத்துக்குடி, கீரை, தயிர் எதுவும் கெடையாது. மீன் கரப்பான், ஒடம்புக்கு ஆகாதுன்னு அதையும் நிறுத்திட்டேன். சின்ன வயசுல எனக்கு இழுப்பு இருந்துச்சு. புள்ளைக்கும் வந்துடக் கூடாதில்ல."

அவர் எழுதுவதை நிறுத்தினார். கோபப்படவில்லை. "நீங்க நிறுத்துனது எல்லாமே வயித்துல இருக்கற புள்ளையோட நுரையீரல் நல்லா வளர்றதுக்கு வேண்டிய சாப்பாடுங்க. பழம் தின்னா புள்ளைக்குச் சளி புடிக்கும்ங்கறது பொய். அதையெல்லாம் நிறுத்துனதாலதான் இப்ப இழுப்பு வந்துச்சுன்னும் நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு இருந்ததே கூட காரணமா இருக்கலாம். அடுத்த தடவை அந்தம்மாவ நல்லா சாப்பிட விடுங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெளியே வந்து மழை விடட்டும் என்று வராந்தாவில் நின்றோம். மனைவி சட்டென்று அழ ஆரம்பித்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்டு என்மேல் வருத்தம் என்று நினைத்தேன்.

"ஏழாம் மாசத்துல பக்கத்து வீட்டக்கா ரெண்டு சாத்துக்குடி குடுத்தாங்க. நாக்கு கேக்கல. நீங்க வேலைக்குப் போனப்புறம் ஒளிச்சு வெச்சுத் தின்னுட்டேன். பொறந்ததுலேர்ந்து இவளுக்குச் சளி புடிக்கறப்பல்லாம் நான்தான் கெடுத்துட்டேன்னு இருந்தேன்" என்றாள்.

ஒரு வருடத்துக்கு மேல் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. குழந்தை இருமிய ஒவ்வொரு ராத்திரியும் நான் தூங்க, அவள் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தாய்ப்பாசம் என்று நினைத்துவிட்டேன். "தப்பு எம்மேலதான்" என்றேன்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் வீராம்பட்டினம் போய் நானே மீன் வாங்கிவந்தேன். பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் போகும்வரை இழுப்பு வந்து வந்து போனது. பிறகு மெல்லக் குறைந்தது. சின்னவனுக்கு அந்தத் தொந்தரவே இல்லை. அது சாப்பாட்டாலா, அவன் அதிர்ஷ்டமா என்று எனக்குத் தெரியாது.

நல்லது செய்வதாக நினைத்து அவள் வயிற்றைக் காயப்போட்டதைவிட, ஆசைப்பட்டுச் சாப்பிட்டதற்காக அவள் தன்னையே குற்றவாளியாக நினைக்கும்படி வைத்திருந்தேனே, அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.