மோர் வாளிக்கு எதிர் இடம்

என்னோடு ஐந்து நிமிடம் பேசியவர்கள் யாரும், நான் ஒரு காலத்தில் இரண்டரை மாதம் வாயைத் திறக்காமல் இருந்தவள் என்றால் நம்புவதில்லை. என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அந்த ரெண்டரை மாசத்த எனக்குக் குடுத்திருக்கக் கூடாதா?" என்றார். எவ்வளவு பசியான இரண்டரை மாதம் அது என்று அவருக்குத் தெரியாது.

எழுபதுகளில் நடந்தது இது. எழுமலைப் பக்கம் பருத்தியும் சோளமும் போடுகிற குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்து, இங்கிலீஷை மட்டும் கைடு வாங்கி மனப்பாடம் செய்து தேறியவள் நான். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி. என்கிற ஒரு வருஷப் படிப்பில் சேர இடம் கிடைத்தது. அதற்குள் என் அத்தை தன் மகனுக்கு என்னைப் பேசி முடித்துவிட்ட மாதிரியே நடமாடிக்கொண்டிருந்தாள். அப்பா நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"படிக்கட்டும். காலேஜ்ல இருந்து புகார்னு ஒண்ணு வந்துச்சுன்னா அன்னைக்கே கூட்டியாந்துர்றேன். வார தையிலேயே கல்யாணத்த வச்சுக்கிருவம்."

அத்தை உடனே சம்மதித்தாள். ஒரு வருஷத்துக்குள் நான் எதையாவது செய்து மாட்டிக்கொள்வேன் என்பதில் அவளுக்கு என்மேல் முழு நம்பிக்கை இருந்தது.

சேர்க்கை நாளன்று கல்லூரி அலுவலகத்து கிளார்க் அப்பாவிடம் ஒன்று சொன்னார். "ஹாஸ்டல்ல தப்புப் பண்ணுனா வீட்டுக்கு லெட்டர் வரும். லெட்டர் வரலையா, பிள்ள ஒழுங்கா இருக்குன்னு நெனச்சுக்கங்க." அப்பா இதைக் கேட் வரைக்கும் என்னிடம் நாலு தடவை திருப்பிச் சொன்னார். பஸ் ஏறும்போது ஐந்தாவது தடவை.

எங்கள் வார்டன் இங்கிலீஷ் தவிர வேறு பேசி யாரும் கேட்டதில்லை. பார்க்க வருகிற பெற்றோரிடமும் இங்கிலீஷ்தான். கிளார்க் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வார். வார்டனுக்குத் தமிழே தெரியாது என்று சீனியர் பெண்கள் சத்தியம் செய்தார்கள். கிராமத்துப் பெண்கள் இங்கிலீஷ் பேசிப் பழக வேண்டும் என்று அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். மத்தியானமும் ராத்திரியும் சாப்பாட்டு மேசையில் தமிழ் கூடாது. ஒரு மேசைக்குப் பன்னிரண்டு பேர். சோற்றை மட்டும் சமையல்கார அம்மா வந்து போடுவார். சாம்பார், பொரியல், ரசம், மோர் எல்லாம் மேசையில் தள்ளித் தள்ளி இருக்கும். வேண்டுமென்றால், அதன் பக்கத்தில் இருப்பவளிடம் இங்கிலீஷில் கேட்டு வாங்க வேண்டும். எட்டி எடுத்தால் அநாகரிகம். கையைக் காட்டினாலும் தப்பு. கேட்காமல் நகர்த்திக் கொடுப்பதும் தப்பு. எல்லா ஓட்டையையும் வார்டன் அம்மா யோசித்து அடைத்திருந்தார்.

மீறித் தமிழில் பேசியவள் கையில் ஒரு மரக்கட்டை வந்துவிடும்; அடுத்து யார் தமிழ் பேசுகிறாளோ அவளுக்கு அது கைமாறும். சாப்பாடு முடியும்போது கட்டை யாரிடம் இருக்கிறதோ அவள் சனிக்கிழமை எல்லார் முன்னாலும் நின்று இரண்டு நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும். மூன்று தடவை அப்படி நின்றால் வீட்டுக்கு லெட்டர்.

இடம் ரூம் நம்பர் வரிசைப்படி. எனக்குக் கிடைத்தது மேசையின் கடைசியில், மோர் வாளிக்கு எதிரே. மோரை மட்டும் நான் யாரையும் கேட்காமல் ஊற்றிக்கொள்ளலாம்.

சாம்பார் கேட்க நாலு வார்த்தை போதும். அதை எழுதச் சொல்லியிருந்தால் பிழையில்லாமல் எழுதியிருப்பேன். ஆனால் முதல் நாள், எதிர் வரிசையில் ரசத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்த திருமங்கலத்துப் பெண் துணிந்து, "ப்ளீஸ் பாஸ் தி சாம்பார்" என்றாள். கான்வென்டில் படித்துவிட்டு வந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்கள். சத்தமாகச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தத் தண்ணீர் குடித்ததை என்னால் தாங்க முடியவில்லை. நான் சோற்றில் மோரை ஊற்றினேன்.

மறுநாளும் மோர். அதற்கடுத்த நாளும் மோர்.

திருமங்கலத்துக்காரிக்கு வெட்கம், மானம் எதுவும் ஒட்டாது. இங்கிலீஷ் வந்தால் இங்கிலீஷ், வராவிட்டால், "ஏய், அந்தப் பொரியல இங்கிட்டுத் தள்ளு" என்பாள். கட்டை அவளிடம் போகும். தட்டில் பொரியலும் விழுந்திருக்கும். அதற்குப் பிறகு அடுத்தவளைப் பேச வைத்துக் கட்டையைத் தள்ளிவிட அவளுக்கு நூறு வழி தெரியும். குனிந்து, "ஒன் தட்டுல பல்லி" என்று ஒரு தடவை சொன்னாள். கான்வென்டுக்காரி ஒருத்தி "ஐயையோ, எங்கே?" என்று தமிழில் எழுந்து நின்றாள். கட்டை அவளிடம் போனது.

"மாப்ள, நீ ஏன் இப்பிடிச் சாகுற?" என்று ரூமில் என்னைக் கேட்டாள். எங்களுக்குள் மாப்ளதான். "தமிழ்ல கேட்டு வாங்கு. சனிக்கிழமை ரெண்டு நிமிசந்தானே. நானெல்லாம் ரெண்டு தடவையும் எங்க ஊரு சந்தையப் பத்தியே சொன்னேன். ஒருத்தியும் கண்டுக்கல."

"மூணு கட்டை வாங்குனா வீட்டுக்கு லெட்டர் போகும்டி. லெட்டர் போனா எனக்குக் கல்யாணம்."

அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "மாப்பிள்ளை எப்பிடி இருப்பான்?" என்றாள்.

நான் பேசாமல் இருப்பதே பத்திரம் என்று முடிவு செய்தேன். பேசாதவளிடம் கட்டை எப்படி வரும்? பல்லி, தேள், பாம்பு எதற்கும் நான் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விதி கிடையாது. அன்று நான் சாப்பிட்டதைப் பார்த்து சமையல்கார அம்மா, "இந்தப் பிள்ளைக்கு வாரத்துல ஒரு நாளைக்கு என்னமோ ஆயிருது" என்றார்.

ஆனால் காது சும்மா இருக்கவில்லை. மேசையில் யார் என்ன கேட்கிறாள், எப்படிக் கேட்கிறாள், வாங்கிக்கொண்டு என்ன சொல்கிறாள் என்பதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. மனப்பாடம் செய்வதில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. மனதுக்குள் தினமும் சாம்பார் கேட்டேன். மனதுக்குள் நன்றியும் சொன்னேன்.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, வகுப்பில் இருந்த என்னை வார்டன் அறைக்குக் கூப்பிட்டார்கள். போனால் அங்கே அப்பா உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் நுனியில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு. காலடியில் என் டிரங்குப் பெட்டியைக் கட்டக் கயிறு.

"என்னத்தா செஞ்ச?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஒண்ணும் செய்யலப்பா."

"ஒண்ணும் செய்யாமயா இங்கிலீஷ்ல எழுதுவாக?"

மடியிலிருந்து கடிதத்தை எடுத்தார். டைப் அடித்து, கீழே சீல் வைத்திருந்தது. எங்கள் ஊருக்கு அப்படி டைப் அடித்த கடிதம் வந்தால் அது கோர்ட்டிலிருந்து வரும், இல்லாவிட்டால் கடன் வாங்கிய இடத்திலிருந்து வரும். ஊரில் அதைப் படித்துச் சொல்லக்கூடியவர் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர்தான். அவர் குடியிருந்தது அத்தை வீட்டு மாடியில். அவரிடம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். அதனால் அப்பா கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. உரம் வாங்க உசிலம்பட்டி போவதாக அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் மதுரைக்கு வந்துவிட்டார். மகள் செய்த தப்பு என்னவென்று தெரியாமலே அவள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

அன்று கிளார்க் லீவு. வார்டன் முகமெல்லாம் சிரிப்பாக, கடிதத்தை என்னிடம் நீட்டி, படித்து அப்பாவிடம் சொல் என்று சைகை காட்டினார். படித்தேன். பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி இதுதான்: இந்த இரண்டரை மாதத்தில் ஒரு தடவைகூடக் கட்டை வாங்காதவள் ஹாஸ்டலிலேயே உங்கள் மகள் ஒருத்திதான். மேசையில் இங்கிலீஷைத் தவிர ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. மற்றவர்களுக்கு அவள் ஓர் எடுத்துக்காட்டு.

"நான் நல்லா இங்கிலீஷ் பேசுறேனாம்ப்பா. பாராட்டி எழுதியிருக்காங்க."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குத்தவாளி கையிலேயே குத்தப்பத்திரிகையக் குடுத்துப் படிக்கச் சொன்னா, வேற எப்பிடிப் படிப்ப?" என்றார். அவர் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் எதையும் வாங்காதவர்.

"சரி, நெசந்தான்னா பேசு. இந்தா, இந்த அம்மாகிட்டப் பேசு. எனக்குப் பாசை தெரியாட்டியும் மொகத்தப் பாத்தா தெரியும். அவுக மொகம் சரியா இருந்தா நான் இப்பிடியே போயிருவேன். இல்லாட்டி பெட்டியக் கட்டு."

தை மாதம் கண்ணில் தெரிந்தது. என்ன பேசுவது? பாடப்புத்தகத்தில் படித்தது ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. வார்டன் என்னைப் பார்த்து, பேசு என்பதுபோல் தலையை அசைத்தார். வாயைத் திறந்தேன்.

"ப்ளீஸ் பாஸ் தி சாம்பார்" என்றேன்.

அணை உடைந்துவிட்டது. "ப்ளீஸ் பாஸ் தி பொரியல். ஜஸ்ட் எ லிட்டில் ப்ளீஸ். தேங்க் யூ. மே ஐ ஹேவ் தி ரசம்? அனதர் அப்பளம் ப்ளீஸ். தட்ஸ் ஆல், தேங்க் யூ வெரி மச்." இரண்டரை மாதமாக மனதுக்குள் கேட்டு வைத்திருந்த அத்தனையையும் மூச்சு விடாமல் கேட்டேன். கான்வென்டுக்காரிகளின் ராகம்கூட மாறவில்லை.

வார்டனின் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். தினமும் மேசையில் என்னதான் சாப்பிடுகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டார். புரிந்தது.

"பட்டர்மில்க்" என்றேன்.

அப்பா வார்டன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைக் கையில் எடுத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் அது நடந்தது.

"ஐயா, கொஞ்சம் இருங்க" என்றார் வார்டன். நல்ல திருநெல்வேலித் தமிழ். "உங்க பிள்ள ரொம்ப நல்லாப் பேசுதா. இங்கயே இருந்து படிக்கணும்னு சொல்லுதா. தப்பு எங்க பக்கந்தான். நாங்கதான் அவளச் சரியாக் கவனிக்கல. கூட்டிட்டுப் போயிராதீங்க."

அந்த அம்மா தமிழ் பேசியதில் எனக்கு அடித்த அதிர்ச்சியில், அவர் எனக்காகப் பொய் சொன்னது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அப்பா எழுந்து கும்பிட்டார். என்னை வெளியே கூட்டிப்போக அனுமதி கேட்டார். கிடைத்தது.

கேட்டைத் தாண்டியதும் நின்றார். "அந்தம்மா என்னத்தையோ சொல்லுது. நீ பேசுனதுல எனக்கு நாலு வார்த்தை வெளங்குச்சு. சாம்பாரு, பொரியலு, ரசம், அப்பளம்." என் கண்ணைப் பார்த்தார். "பசிக்குதாத்தா?"

ரோட்டோரத்தில் நின்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மரக்கட்டை, மோர், தண்ணீர் குடித்துச் சிரித்தவர்கள், பல்லி வரைக்கும். பல்லி வந்தபோது அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து விரல்களால் சுற்றி அளந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். இலை போட்டார்கள். அவர் சாப்பிடவில்லை. பரிமாறுகிறவரை, "அண்ணே, இங்கிட்டு ஊத்துங்க, இன்னுங் கொஞ்சம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை சோறு வந்தபோது என்னைப் பார்க்காமல், இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒங்க அத்த என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிருவேன். அதுக்காகப் பயந்துக்கிட்டுப் பட்டினி கெடக்க வேணாம். வீட்டுக்கு வாரதுன்னா வா, வயிறார சாப்பிடலாம். இங்கயே இருக்குறதுன்னாலும் சரி. நீயே சொல்லு. வாரியா?"

இத்தனை பெரிய விஷயத்தில் என்ன வேண்டும் என்று அதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை. வாய் நிறையச் சோறு. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டாத" என்றார் அப்பா. "வாயத் தெறந்து சொல்லு."

விழுங்கினேன். "வரலப்பா. நான் படிக்கப் போறேன்."

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மூன்று மணி பஸ்ஸில் அவர் மட்டும் ஊருக்குப் போனார்.