சந்தான லட்சுமியின் பின்கதவு

பிரெஞ்சு நாட்டில், லா சப்பலில் நாங்கள் இருந்த பழைய வீட்டின் பின்கதவு, குப்பைத் தொட்டிகள் நிற்கும் முற்றத்தில் திறக்கும். நாங்கள் அதைத் திறந்ததே இல்லை. ஆனால் குளிர்காலம் தொடங்கினால் அதன் இடுக்குகளால் வரும் காற்றில் சோறு தட்டிலேயே விறைத்துவிடும். ஒரு வருஷம் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். நிலையைச் சுற்றிப் பஞ்சுப்பட்டி, அதன்மேல் நாலு பக்கமும் நாடா ஒட்டிய பிளாஸ்டிக் விரிப்பு, கீழே சுருட்டிய, நான் உடுத்திப் பழசான சாரம். மனைவிகூடப் பாராட்டினாள்.

அந்த ஞாயிறே யாழ்ப்பாணத்து வாஸ்துக்காரரை வீடியோவில் பிடித்தாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. வைத்தியர்கள் எங்களைப் பார்த்து முடித்துவிட்டார்கள். இனி வீட்டைப் பார்ப்பதுதான் மிச்சம். இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவருக்கு அங்கே பின்னேரம்.

"வெயில் எந்தப் பக்கத்தாலை வருது, தம்பி?"

"முன் யன்னலாலை."

"அப்ப அது மேற்கு. எதிர்ப்பக்கம் கதவு இருக்கோ?"

"ஓம். இப்பதான் அடைச்சனான்."

"ஐயோ, கிழக்கு வாசலை அடைக்கலாமோ! சந்தான லட்சுமி அதாலைதானே வருவா!"

மனைவியும் நானும் சண்டை பிடித்து ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். வெள்ளி பின்னேரம் மட்டும் எல்லாவற்றையும் பிய்த்து, விளக்கேற்றிக் கதவைத் திறப்பது. பிறகு நான் மறுபடி ஒட்டுவது.

"லட்சுமி இந்தக் குளிருக்குள்ளை வருவாவோ?" என்றேன்.

"நாங்கள் வரேல்லையோ?" என்றாள்.

முதல் வெள்ளி கதவைத் திறந்ததும் எதிரே நின்றது மூன்றாம் மாடி மதாம், கையில் குப்பைப் பை. "பொன்சுவார்" என்றாள். மனைவி பதிலுக்குக் கும்பிட்டாள். அதன்பிறகு அந்த மதாம் குப்பை கொட்டுவதையே வெள்ளிக்கு மாற்றிக்கொண்டாள்.

வாரா வாரம் நாடா வாங்கியே நான் அலுத்துப்போனேன். பிறகு ஒரு வெள்ளி காலை, வடகாற்று பலமாக வீசுகிறது என்று தொலைக்காட்சி சொன்னது. எங்கள் கிழக்கு வாசலின் பிளாஸ்டிக்கோ வயிறு முட்ட உப்பி நின்றது. எனக்குச் சந்தேகம் வந்தது. பின்னேரம் வேலையால் வந்ததும் முன் யன்னலடியில் நின்று போனில் திசைகாட்டியைத் திறந்தேன். யன்னல் தெற்கு. அப்படியென்றால் பின்கதவு அசல் வடக்கு! நடுப்பகல் வெயில் இங்கே தெற்கிலிருந்து சரிந்து விழ, அந்த மனுசன் தன் ஊர்ப் பின்னேரத்தை வைத்து அதை மேற்காக்கிவிட்டார். ஆத்திரமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. இனி ஆயுசுக்கும் அடைத்துவிடலாம்.

போனை நீட்டிக்கொண்டே பின்பக்கம் ஓடினேன். அவள் அதற்குள் நாடாவைத் தானே பிய்த்து, கதவைப் பாதி திறந்திருந்தாள். குளிர் மேலங்கிக்குள் நடுங்கியபடி, விளக்கு அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, வெறும் முற்றத்தைப் பார்த்து மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கெதியா உள்ளை வா, பிள்ளை. வெளியிலை குளிர்."

அவள் கூப்பிட்டது லட்சுமியை அல்ல. போனைப் பைக்குள் போட்டேன்.

"இன்னும் கொஞ்சம் அகலமாத் திறவும்" என்றேன்.