முடிச்சக்கா தைத்த வால்வுகள்

வேலை தொடங்குவதற்கு முன்பு, தொழிற்சாலையின் முன்கூடத்தில் நடந்த பேச்சு அது. கண்ணாடிப் பெட்டிக்குள் புதிதாக அடுக்கியிருந்த பொருள்களுக்கு அலுவலக மொழியில் விளக்கம் இருந்தது. அதை எல்லாருக்கும் புரிகிற மொழிக்கு மாற்றத்தான் அந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு மொழி படித்தவள். இரண்டிலும் அளந்துதான் பேசுவாள். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் முடிச்சக்கா வந்து நின்றாள். இதய வால்வு தைக்கும் பிரிவில் எல்லாரையும்விட மூத்தவள்.

“ஏம்மா, இது என்ன, கூண்டுக்குள்ள கோலிக்குண்டு?”

“இதுவும் வால்வுதான்க்கா. முதல்ல வந்த வகை. ரத்தம் தள்ளும்போது குண்டு எழும்பி வழி விடும். அப்புறம் திரும்பி வந்து அடைச்சுக்கும்.”

“பக்கத்துல தட்டு மாதிரி இருக்கே?”

“அதுக்குப் பின்னாடி வந்தது. இந்த ரெண்டும் வெச்சவங்க, ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணும். மூணாவது…”

“மூணாவது நான் தைக்கறது. அது எனக்குத் தெரியாதா? கோலிக்குண்டு எந்த வருஷம் வந்துச்சு, அதைச் சொல்லு.”

சொன்னாள். முடிச்சக்காவின் உதடுகள் ஏதோ கணக்குப் போட்டன.

“அப்ப நான் பொறக்கவே இல்லையே.”

“ஆமாக்கா, ரொம்பப் பழசு.”

“பழசுதான். என் தம்பி போனப்பவே இது பழசு. எங்க ஊர் டாக்டர், அவன் இதயத்துக்கு வைத்தியமே கிடையாதுன்னு சொன்னாரு.”

வேலை தொடங்கும் மணி அடித்தது. முடிச்சக்கா கை கழுவப் போய்விட்டாள்.

மிச்சக் கதை சாப்பாட்டு இடைவேளைகளில் துண்டு துண்டாக வந்தது. தம்பிக்குச் சின்ன வயதில் தொண்டைவலி, காய்ச்சல், பிறகு முட்டி வீக்கம். வளரும் வயதில் வருகிற வலி என்று வீட்டில் எண்ணெய் தேய்த்தார்கள். அது இதய வால்வை அரிக்கிற காய்ச்சல்; மாதம் தவறாமல் பென்சிலின் ஊசி போட்டிருந்தால் இதயம் தப்பித்திருக்கும். ஆனால் காய்ச்சல் விட்டதும் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதையும் விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவனுக்கு நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கியது. குடியிருந்ததோ மூன்றாவது மாடி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள்தான் அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறுவாள். அவன் சும்மா வர மாட்டான். “வண்டி என்ன இப்படி இரையுது, எண்ணெய் போடு” என்பான். மீசை அரும்புகிற வயதுவரைகூட அவன் இருக்கவில்லை.

பிறகு அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். கை நடுங்காதவர்கள் வேண்டும் என்று வால்வுத் தொழிற்சாலையிலிருந்து கேட்டு வந்தபோது, அங்கிருந்து எடுத்த சிலரில் அவளும் ஒருத்தி. முதல் நாள், தைக்கப் போவது என்ன என்று விளக்கினார்கள். மற்றவர்கள் சம்பளம் கேட்டார்கள், விடுமுறை கேட்டார்கள். அவள் நேரே கை கழுவப் போனாள். அன்றிலிருந்து உருப்பெருக்கியில் கண்ணை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மாட்டின் இதயத்தை மூடியிருக்கும் சவ்வை இதழாக வெட்டிக் கொடுப்பார்கள். அதைச் சின்ன வளையத்தில் வைத்துத் தைக்க வேண்டும். ஒரு தையல் பிசகினாலும் முழு வால்வும் குப்பைக்குப் போகும். வளையல் கூடாது, பவுடர் கூடாது, பேச்சும் கூடாது. அவள் போடும் முடிச்சைப் பரிசோதகர்கள் பார்ப்பதே வெறும் சடங்குக்குத்தான். பெயர் அப்படி வந்தது. வீட்டிலும் கை அதே பழக்கத்தில் ஓடும். “சட்டை கிழிஞ்சாலும் இவ தெச்ச பட்டன் வராது, வேரோட பிடுங்கித்தான் அடுத்த சட்டையில நடணும்” என்று அவள் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தைத்த வால்வு மருந்துத் தண்ணீர் நிரம்பிய குப்பியில் இறங்கும். குப்பி பெட்டிக்குள் போகும். பெட்டி லாரியில் ஏறும். அவ்வளவுதான். யாருக்குப் போனது, அவர் பிழைத்தாரா, ஒரு தகவலும் திரும்பி வராது. கேட்கவும் கூடாது.

“கிணத்துல கல்லைப் போட்டாலாவது சத்தம் கேக்கும்மா,” என்றாள் ஒருநாள். “இத்தனை வருஷம் தெச்சிருக்கேன். வால்வு வெச்சுக்கிட்டு நடமாடற ஒரு ஆளையாவது கண்ணால பாத்துடணும். அது போதும் எனக்கு.”

ஒருமுறை பேருந்தில் ஒருவர் சட்டையின் மேல் பட்டனைப் போடாமல் நின்றிருந்தார். நெஞ்சின் நடுவே நேர்க்கோடாக ஒரு தழும்பு. முடிச்சக்கா தன் நிறுத்தத்தில் இறங்கவில்லை. அவர் இறங்கிய இடத்தில் இறங்கி, சந்தைக் கூட்டத்தில் அவரைத் தவறவிட்டு, வெயிலில் நடந்தே வீடு திரும்பினாள். அதற்குப் பிறகும் வழியில் வரும் ஆண்களின் நெஞ்சையே அவள் பார்த்துக்கொண்டு நடப்பதால் தன் மானம் போகிறது என்று வீட்டுக்காரர் புலம்பினாராம். இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆண்டு இறுதியில், வால்வு பொருத்திக்கொண்ட ஒருவரைத் தொழிற்சாலைக்கு அழைத்தார்கள். வேறு மொழிக்காரர், சுவருக்கு வண்ணம் அடிப்பவர்; அவர் பேச்சை மொழிபெயர்க்க அந்தப் பெண்ணைக் கூட நிறுத்தினார்கள். முடிச்சக்காவின் தம்பி இருந்திருந்தால் ஏறக்குறைய அந்த வயதுதான் இருக்கும். யார் தைத்தது என்ற பேச்சே எழக் கூடாது என்று மேலாளர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். தைப்பவர்கள் வேலையை அப்படியே விட்டுவிட்டு முன்கூடத்தில் வரிசையாக நின்றார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார்.

முடிச்சக்காவின் முன்னால் வந்ததும் அவர் நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. கழுவிய கையை எதிலும் படாமல் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடிப்பதுதான் தையல் அறையின் பழக்கம். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் இங்கேயும் அப்படியே நின்றாள். அவர் முகம் வாடி, கையை இழுத்துக்கொண்டார். தன்னைத் தொடப் பிடிக்கவில்லையோ என்று மெல்லக் கேட்டார். அந்தப் பெண் அவசரமாகக் காரணத்தைச் சொன்னாள். அவர் உரக்கச் சிரித்துவிட்டார். தன் கைகளையும் அதேபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே நின்றார். வரிசை முழுவதும் சிரித்தது.

முடிச்சக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சட்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடியில் தேநீர் காத்திருப்பதாகச் சொல்லி, மேலாளர் விருந்தாளிக்காக லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்தார். அந்தப் பெண்ணும் கூடப் போகத் திரும்பினாள். அப்போது முடிச்சக்கா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

“அவங்க பாஷையில ஒண்ணே ஒண்ணு கேளும்மா. சிரமமில்லன்னா படியில ஏறிப் போகச் சொல்லு. நான் இங்கேயே நின்னு பாத்துக்கறேன்.”