மூன்று செல் டார்ச்சும் அம்மா சொன்ன குறைகளும்

எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அந்த டார்ச் லைட் வாஷியில் ஒரு புதுக் கட்டடத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. அங்கே வாட்ச்மேனாக இருந்த மாமா, வேலையை விட்டபோது யூனிபாரத்தைத் திருப்பிக் கொடுத்தார், விசிலைத் திருப்பிக் கொடுத்தார், டார்ச்சை மட்டும் மறந்துவிட்டார். திருப்பிக் கொடுக்கத்தான் மறந்தார், எடுத்து வர மறக்கவில்லை. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளமான இரும்பு உடம்பு அதற்கு. வயிற்றுக்குள் தடித்தடியாக மூன்று செல். தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் அது டிவிக்கு மேலே படுத்திருக்கும். கரண்ட் போனால் அப்பா எடுத்து இரண்டு தட்டுத் தட்டுவார். மனம் இருந்தால் எரியும்.

ஏழாவது படிக்கும்போது எனக்கு அந்த டார்ச் தேவைப்பட்டது.

எங்கள் தமிழ்ப் பள்ளி ஏழாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க மாட்டுங்காவில் ஒரு பெரிய பள்ளி இருந்தது. ஸ்காலர்ஷிப் பரீட்சையில் தேறினால் அங்கே போகலாம். தேறாவிட்டால் அம்மாவோடு மிஷினில் உட்கார்ந்து பைகளுக்கு வார் தைக்கலாம். டீச்சர் எங்கள் வகுப்பில் சிலரை மட்டும் பொறுக்கி எடுத்து, தினமும் விளக்கு வைத்த பிறகு ஊர்ச்சங்கத்து அறையில் தனியாகப் பாடம் நடத்தப் போவதாகச் சொன்னார். எங்கள் சந்திலிருந்து நான் ஒருத்திதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடாமல் கடைசிவரை பார்த்தவளும் நான் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

சங்கத்து அறைக்குப் போகும் வழியில் மூடிக் கிடந்த ஒரு குடோனின் சுவர் வரும். இரண்டு பக்கத்து மாடிகளும் மேலே ஒட்டிக்கொண்டதால் அங்கே பகலிலேயே இருட்டு. விளக்கு கிடையாது. சுவரில் சாய்ந்து எப்போதும் நாலு பையன்கள் நிற்பார்கள்.

நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா முடியாது என்று சொல்லவில்லை.

"டார்ச்சப் பாத்தியாட்டி? சீக்குக் கோழி முழிக்கமாரி முழிக்கி. அத நம்பி உன்ன இருட்டுக்குள்ள விடச் சொல்லுதியா?"

இரண்டு மாதத்துக்கு முன்புவரை அதே இருட்டுக்குள் மெழுகுவர்த்தி வாங்க என்னை விரட்டியவள் அவள்தான். அப்போதெல்லாம் டார்ச்சைப் பற்றி யாரும் பேசியதில்லை. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன் என்று சொல்லி, குளிப்பாட்டி, உளுந்தங்களி கொடுத்து, புதுத்துணி உடுத்திச் சடங்கு வைத்தார்கள். அதனால் சந்து எப்படி இன்னும் இருட்டிப்போகும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் டார்ச் சரியில்லை என்பது விளங்கியது. சரியில்லாததைச் சரிசெய்துவிட்டால் வகுப்புக்குப் போகலாம். அன்றைக்கே டார்ச்சைக் கழற்றினேன்.

பின்மூடியில் இருந்த ஸ்பிரிங்கில் பச்சைப் பசேலென்று களிம்பு ஏறியிருந்தது. அப்பா வேலை செய்யும் தோல் பட்டறையிலிருந்து உப்புத்தாள் வாங்கி வந்து, வெறும் கம்பி பளபளக்கும்வரை தேய்த்தேன். செல்களின் தலையையும் காலையும் தேய்த்தேன். கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வெளிச்சம் கொஞ்சம் கூடியது. அந்தக் கொஞ்சம்தான் என்னைக் கெடுத்தது. பல்பைச் சுற்றியிருக்கும் வெள்ளிக் கிண்ணத்தையும் விட்டுவைப்பானேன் என்று, எங்கள் வீட்டில் பளபளப்பாக வேண்டிய எதையும் தேய்க்கிற மாதிரி, பித்தளை விளக்கும் பொடி போட்டு அழுத்தித் தேய்த்தேன். வெள்ளி முழுவதும் துணிக்கு வந்துவிட்டது. கிண்ணம் வழுக்கையானது. இருந்த வெளிச்சமும் போனது.

ஞாயிற்றுக்கிழமை வந்த மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருமவளே, மூஞ்சி கழுவி விடச் சொன்னா தோலையே உரிச்சிட்டியே!"

நான் சிரிக்கவில்லை. வேறு கிண்ணம் வேண்டும் என்றேன். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம் கோபர்கைரனேயில் இருக்கும் ஒரு கூட்டாளியின் செத்துப்போன டார்ச்சிலிருந்து கிண்ணத்தை உருவிக்கொண்டு வந்தார். வாட்ச்மேன்களிடம் செத்த டார்ச்சுக்குப் பஞ்சமில்லை. கையோடு, எனக்கு எல்.இ.டி. பல்பு வாங்கித் தருவதாகவும் ஒத்துக்கொண்டார். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு எலெக்ட்ரிக் கடையில், "கித்னே செல் கா?" என்று கடைக்காரர் மாமாவைக் கேட்டார், எத்தனை செல்லுக்கு என்று. மாமா என்னைப் பார்த்தார். "தீன்" என்று நான் சொன்னேன். அந்தக் கடையில் எனக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் எரியவில்லை. மாமா கடைக்காரனின் வம்சத்தையே திட்டினார். அம்மா மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வீம்பு ஏறியது. பல்பைக் கழற்றினேன், மாட்டினேன், செல்லைக் கழற்றினேன். அப்போதுதான் தோன்றியது. மாமா எப்போதும் செல்லின் தலையைப் பின்பக்கம் வைத்துத்தான் போடுவார். பழைய பல்பு அதைச் சட்டை செய்ததில்லை, எப்படிப் போட்டாலும் எரியும். இது புதுசு, இதற்குத் திசை உண்டோ என்னவோ. மூன்றையும் திருப்பிப் போட்டேன். எதிர்வீட்டுச் சுவர் பகல் மாதிரி வெளுத்தது.

"யாருட்டி அது? கண்ணு அவிஞ்சு போவும், அணை!" என்று எதிர்வீட்டிலிருந்து சத்தம் வந்தது. அதைவிடப் பெரிய பாராட்டு அன்றைக்கு எனக்கு வேறு இல்லை.

அம்மா எழுந்து வந்தாள். டார்ச்சை வாங்கி உதறினாள். வெளிச்சம் ஒரு தரம் செத்துப் பிழைத்தது.

"ஆட்டுனா அணையுதுல்லா?"

செல்கள் உள்ளே லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தன. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டினேன். காலண்டர் தாளைக் குழாய் மாதிரி சுருட்டி அதற்குள் செல்களை அடுக்கி இறுக்கினேன். இப்போது ஆட்டினாலும் குலுக்கினாலும் அணையவில்லை. இனி என்ன சொல்வாள் என்று அவள் முன்னால் நீட்டினேன்.

"எம்மாடி, என்னா கனம். கை தவறிக் கீழ போட்டுட்டா?"

அதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டது. டீச்சர் தினமும் என்னைக் கேட்டார். நாளைக்கு வருவேன் டீச்சர், டார்ச் முடியப் போகிறது என்று தினமும் சொன்னேன். டீச்சருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

சின்னப் பேனா செல்லைப் பெரிய செல் மாதிரி ஆக்கும் பிளாஸ்டிக் கூடு கடையில் இருந்தது. மாமாவை அரித்து மூன்று வாங்கினேன். புது பல்புக்குச் சின்ன செல்லே போதும். டார்ச் பாதிக் கனம்கூட இல்லை, சுண்டு விரலில் தூக்கலாம். அதைச் செய்து முடித்தபோது அம்மாவின் வாயை நிரந்தரமாக அடைத்துவிட்டதாக நினைத்தேன்.

அம்மா கையில் வாங்கி மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"இதென்னட்டி, தீப்பெட்டி கணக்கா? பழைய செல்லையே போடு."

"யம்மா, நீதான கனமா இருக்குன்ன!"

"சொன்னேன். இப்ப போடுன்னு சொல்லுதேன்."

"உனக்கு ஒண்ணுமே தெரியல. லேசா இருந்தாத்தான் நல்லது. புஸ்தகமும் தூக்கணும்லா?"

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவை ஒரு முறை பார்த்தார், டார்ச்சை ஒரு முறை பார்த்தார். "அம்மா சொல்லுதபடி செய்யி பிள்ள" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்தது. அழாமல் பழைய செல்களைப் போட்டேன்.

மறுநாள் அப்பா பட்டறையிலிருந்து எருமைத்தோல் துண்டு ஒன்று கொண்டுவந்தார். லக்கேஜ் பைகளுக்குப் போடும் தடித்த தோல். அம்மா அதை வாராக அறுத்து, தைத்ததன் மேலேயே திரும்பத் திரும்பத் தைத்து, டார்ச்சின் பின்மூடி வளையத்தில் கோத்தாள். கை தவறினாலும் விழாமல் இருக்கத்தான் என்று நினைத்து எனக்குக் கோபம் பாதி குறைந்தது. நானே யோசித்திருக்க வேண்டிய விஷயம் அது.

அம்மா வாரைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். கையைப் பின்னால் இழுத்து ஒரு வீசு வீசினாள்.

அடி அரிசி டிரம்மில் விழுந்தது. மூடி எகிறிக் கட்டிலுக்கு அடியில் போனது. தகரத்தில் ஒரு தேங்காய் உட்காரும் அளவுக்குப் பள்ளம். "யம்மா, பல்பு!" என்று கத்தினேன். அம்மா பல்பைப் பார்க்கவில்லை. பள்ளத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"எரியுதா?"

பட்டனைத் தள்ளினேன். எரிந்தது.

"அப்ப கிளம்பு. வார கையில சுத்திக்கோ. வழியில கழத்தாத, என்ன?"

கிளம்பினேன். குடோன் சுவர் முழுவதும் என் வெளிச்சம். பையன்கள் கண்ணை மறைத்துக்கொண்டு விலகினார்கள். சங்கத்து அறையில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையிடம், டீச்சர் கரும்பலகையைத் துடைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த பல்புக்குள் கம்பி கிடையாது, அதனால் எவ்வளவு அடித்தாலும் உடையாது, எங்கள் அம்மா டிரம்மில் அடித்தே பார்த்துவிட்டாள் என்றேன். ஆனால் அவளுக்கு டார்ச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது, லேசாக்கித் தருகிறேன் என்று எத்தனை தரம் சொல்லியும் பழைய கனமான செல்தான் வேண்டும் என்று ஒரே பிடி என்றேன்.

அந்தப் பிள்ளையும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள். அவள் அம்மாவும் அப்படித்தானாம், எதைச் சொன்னாலும் விளங்காதாம். எங்கள் அம்மாக்களும் கொஞ்சம் படித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இரண்டு பேரும் சிறிது நேரம் வருத்தப்பட்டோம்.