ஊமைக்குத்து

கேசட்டின் உறையில் என் கையெழுத்தில் 'ஆண்டு விழா, சமுதாயக் கூடம்' என்று இருக்கிறது. கீழே சுருக்கொப்பமும் போட்டிருக்கிறேன். பாட்டுக் கேசட்டில் யாராவது சுருக்கொப்பம் போடுவார்களா என்று கேட்டால், போட்டுப் பழகிய கை அது. அதைக் கையில் எடுத்தால் போதும், என் வலது கட்டைவிரல் தொடையில் அடிக்கத் தொடங்கிவிடும். எடுக்காதபோதும் வங்கி வரிசையில் அடிக்கும். பெருமாள் சேவிக்க நிற்கும்போதுகூட அடிக்கும். மனைவி இதை நரம்புக் கோளாறு என்று தீர்மானித்து டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே மாத்திரை எழுதினார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் டிரம்மரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளில் நான் ஸ்ரீரங்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் கைலாசபுரம் போய், அங்கிருந்த கொதிகலன் ஆலையின் நிர்வாகப் பிரிவில் உட்கார்ந்து மற்றவர்களின் பதவி உயர்வைத் தாமதப்படுத்திக்கொண்டிருந்தேன். ஆலையின் மனமகிழ் மன்றத்துக்கும் நானே செயலாளர். மன்றத்து மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர் மாற்றலாகிப் போனபோது, மன்றச் சொத்து என்ற முறையில் கிதார் என் பீரோவுக்கு வந்து சேர்ந்தது. பொறுப்பில் வைத்திருப்பவரே வாசிக்கக் கூடாது என்று விதிமுறையில் எங்கும் இல்லை. புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுத்தேன். சிறு வயதில் கொஞ்சம் வயலின் பழகிய கை, தாளம் தப்பாது. அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

டிரம்மர் ஆலைக்குள் இரும்புத் தகடுகளை அடித்து வளைக்கும் ஷாப்பில் இருந்தார். பாலக்கரைக்காரர், ஏறக்குறைய என் வயது. ஞாயிறு காலை மாதா கோயில் பாடல் குழுவுக்கு வாசித்துவிட்டு மாலை எங்களுக்கு வாசிக்க வருவார். எப்போதும் கத்தித்தான் பேசுவார். ஷாப் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான் பேசினார்கள் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் ஒத்திகை முடிந்ததும் அவர் என்னிடம், "சாமி, நீங்க வாசிக்கல, அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்க. ஒரு நோட்டையாவது லீவு போட விடுங்க" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். குழுத் தலைவரான நல அதிகாரியும் சிரித்தார். பாடகரும் அவரே, ஆகையால் எங்கள் குழுவில் யார் நன்றாகப் பாடுவார் என்ற பிரச்சினை எழுந்ததே இல்லை.

சில வாரங்கள் கழித்து டிரம்மர் ஒரு கேசட்டோடு வந்தார். குவைத்திலிருந்து அவர் மாமா கொண்டுவந்தது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பேஸ் கிதாரை மீட்டாமல், கட்டைவிரலின் கணுவால் தந்தியை அறைந்து, ஆள்காட்டி விரலால் சுண்டி இழுத்து வாசித்திருந்தார். ஒலிகளுக்கு நடுவே சுருதியே இல்லாத 'டக், டக்' என்ற சத்தம் வந்துகொண்டிருந்தது. டேப்பில் கோளாறு என்று அறிவித்தேன். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ரெக்கார்டரின் தலையைத் துடைத்தேன். சத்தம் போகவில்லை. டிரம்மர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கோளாறு இல்ல சாமி, அதுதான் வாசிப்பு! நோட்டு இல்லாத நோட்டு. ஊமைக்குத்து! பாட்டெல்லாம் விடுங்க, எனக்கு இது ஒண்ணுதான் பளிச்சுனு கேக்குது." அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கவனித்திருக்க வேண்டும். ஒரு குறிப்பில் காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூடக் கண்டுபிடிக்கிற ஆள் நான்.

அந்தச் சத்தத்தை வரவழைக்க முயன்றேன். வரவில்லை. இடது கை விரலை அழுத்தினால் ஒலி பிறந்துவிடும். எடுத்துவிட்டால் வெறுந்தந்தி உறுமும். பட்டும் படாமல் ஒரு விரலை வைத்தால் சில இடங்களில் மெல்லிய மணியோசை கிளம்பும். அது அழகாகவே இருந்தது, ஆனால் யாரும் கேட்காத அழகு. கட்டைவிரல் வீங்கி, பேனா பிடிக்க முடியாமல் போய், கோப்புகள் இன்னும் கொஞ்சம் தாமதமாயின. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்போதுதான் ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில், சக ஊழியர் வீட்டு ரிசப்ஷன் வந்தது. சரணம் முடிந்து நல அதிகாரி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பல்லவிக்குத் திரும்பினார். டிரம்ஸ் திரும்பவில்லை. சரணத்துக்கான தாளத்திலேயே நேராகப் போய்க்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன், காலை உதைத்தேன். டிரம்மர் கண்ணை மூடியபடி ரசித்து வாசித்துக்கொண்டிருந்தார். அடுத்த பாட்டிலும் அதே கதை. மேடையை விட்டு இறங்கியதும் நல அதிகாரி என்னைத் தனியாக அழைத்தார். "ஆண்டு விழால ஒரு சான்ஸ் குடுப்போம். அதுலயும் சொதப்பினா டவுன்லேருந்து வேற ஆளப் பாத்துக்கலாம். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார். பக்குவமாகச் சொல்வது என் பணிக்குறிப்பில் எழுதப்படாத ஒரு கடமை.

மறுநாள் கேன்டீனில் தட்டோடு டிரம்மருக்கு எதிரே உட்கார்ந்தேன். நான் ஆரம்பிப்பதற்கு முன் அவரே, வாழ்க்கையில் முதல் முறையாக, மெதுவாகப் பேசினார்.

"எனக்குப் பாட்டு கேக்கல சாமி. ஒரு வருஷமாவே இப்படித்தான். அவரு வாய் அசையறது தெரியுது, அவ்வளவுதான்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா உங்க ஆபீசுக்குத்தான வரும்? ஷாப்ல கேக்கலன்னா எவனாவது வந்து தோளத் தட்டுவான். ஸ்டேஜ்ல யாரு தட்டுவா?" சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "உங்க கிதார் கேக்குது. ஆனா அது மாடு கத்தற மாதிரி நீளமா கத்துது, எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு புரியல. அந்த ஊமைக்குத்து இருக்குல்ல, பல்லவி திரும்பறதுக்கு முன்னாடி அதக் குடுங்க. நான் புடிச்சுக்குவேன்."

அவர் சொன்னதை எழுத்தில் வைத்தால் என்னென்ன நடக்கும் என்பது எனக்கு விதி எண்ணோடு தெரியும்: செவிச் சோதனை, மருத்துவக் குழு, இலகுப் பணி. நான் எழுத்தில் வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் முன் இருக்கையின் கம்பியில் அடித்தேன். வீட்டில் சாப்பாட்டு மேசையில் அடித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார். காவிரிப் பாலம் கடக்கும் நேரமெல்லாம் ஒரே கணக்குதான்: அழுத்தாமலும் எடுக்காமலும் விரலை எங்கே வைப்பது?

விடை என் மேசையிலேயே இருந்தது. ஒரு நாள் ஒருவருடைய விண்ணப்பத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அனுமதிக்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. விண்ணப்பம் நகரவும் முடியாது, குரல் எழுப்பவும் முடியாது. இருபது ஆண்டுகளாக நான் கைதேர்ந்து செய்துவரும் வேலை அது. ஒரு விரலால் செய்வதில்லை, முழுக் கையையும் தளர்வாகப் பரப்பி வைத்துத்தான் செய்வேன். சாயங்காலம் மன்றத்து அறையில் அதே கையைத் தந்திகளின் மேல் போட்டேன். கட்டைவிரலால் அறைந்தேன். 'டக்.' சுருதியும் இல்லை, உறுமலும் இல்லை, மணியோசையும் இல்லை. டிரம்மர் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். "அட சாமி! இதான்! இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

ஆண்டு விழாவில் என் ஸ்பீக்கர் பெட்டியை அவர் ஸ்டூலை ஒட்டி வைத்தோம். முதல் சரணம் முடியும்போது என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நல அதிகாரி இழுத்தார். நான் கையைத் தளர்த்தி அறைந்தேன்: டக், டக்-டக், டக். டிரம்ஸ் கதவு திறந்ததுபோலத் திரும்பியது. இரண்டாம் சரணத்திலும் திரும்பியது. கடைசிப் பாட்டு வரை ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை. முடிந்ததும் நல அதிகாரி டிரம்மர் தோளில் கை போட்டு, "இதுதான்யா வாசிப்பு!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க கிதார்தான் ஏதோ தட்டிக்கிட்டே இருந்துது. வயர் லூசா? ரிப்பேருக்குக் குடுங்க" என்றார். மன்றச் சொத்தின் மேல் புகார் வந்தால் பழுதுபார்த்தாக வேண்டும் என்பதால் அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்கு முறைப்படி அனுப்பினேன். பட்டறைக்காரர் ஒரு வாரம் வைத்திருந்து, ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

டிரம்மர் அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஷாப்பிலிருந்து சத்தம் குறைந்த கருவி அறைக்குச் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றல் கேட்டு விண்ணப்பிக்கச் சொன்னேன். சொந்த விருப்பத்துக்குக் காரணம் காட்டத் தேவையில்லை. அந்த ஒரு விண்ணப்பம் மட்டும் என் மேசையில் தங்கவில்லை.

அவர் காலமாகி ஓராண்டு ஆகிறது. போன மாதம் அவர் மகள், "அப்பா வாசிச்சது ஏதாவது இருக்கா அங்கிள்?" என்று கேட்டாள். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில் கேசட்டைக் கொடுத்துப் போனில் கேட்கும்படி மாற்றி வாங்கினேன். நேற்று அவள் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் வைத்துக் கேட்டோம். ஒலி பளிங்குபோல இருந்தது. சரணம் முடிந்தது, நல அதிகாரி இழுத்தார், அதன் பிறகு நிசப்தம். சுத்தமான, எதுவுமில்லாத நிசப்தம். அதிலிருந்து டிரம்ஸ் தானாகத் திரும்பியது. கடைக்காரப் பையன் கேசட்டைத் தரும்போது, "டக் டக்னு ஒரு டிஸ்டர்பன்ஸ் இருந்துது சார், எடுத்துட்டேன்" என்று பெருமையாகச் சொன்னது அப்போதுதான் புரிந்தது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பவே அப்பாவுக்குக் காது கேக்காதுன்னு அம்மா சொல்வாங்களே. அப்புறம் எப்படி அங்கிள் இவ்ளோ கரெக்டா திரும்பறாரு?"

"திரும்பப் போடும்மா" என்றேன்.

கேசட்டை மேசையில் வைத்துவிட்டு நாற்காலிக் கையில் கட்டைவிரலை வைத்தேன். இழுப்பு முடிந்தது. நிசப்தம் வந்த இடத்தில் அடித்தேன்: டக், டக்-டக், டக். டிரம்ஸ் திரும்பியது. அவள் போனைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தாள். பிறகு பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "மறுபடியும் கை அடிச்சுக்கறதா? மாத்திரை போட்டுண்டேளா இல்லையா?"

கட்டைவிரலை உயர்த்திப் பிடித்தேன். அடுத்த திருப்பம் வந்துகொண்டிருந்தது.